‘அப்புறம் என்ன ஆனார்கள்?’: குடும்பக் கதையின் முடிவும் வாசகரின் கேள்வியும்

‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே 16 அன்று முடிந்தது. மூன்றரை ஆண்டுகள் விடாமல் படித்து வந்த வாசகர்களில் பலருக்கு அந்த முடிவு ஆறுதல் தரவில்லை. கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டதாகக் குறைப்பட்டார்கள். சோழ இளவரசி குந்தவைக்கும் வீரன் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா, பழுவூர் இளையராணி நந்தினி என்ன ஆனாள் என்றெல்லாம் தெரிந்துகொள்ளத் துடித்தார்கள். கல்கி அவர்களை அலட்சியம் செய்யவில்லை. நாவலுக்கு ஒரு முடிவுரை எழுதினார். வரலாற்றுக் கதை எழுதுகிறவனுக்கு உள்ள கட்டுப்பாடுகளைச் சொல்லி, கேட்டவற்றில் சிலவற்றுக்கு விடையும் தந்தார். ஒரு நாவலாசிரியர் தம் நாவலின் முடிவுக்காக வாசகர்முன் நின்று கணக்குச் சொன்ன இடம் அது. இன்றைய உரையை அங்கிருந்து தொடங்க விரும்புகிறேன். ‘அப்புறம் என்ன ஆனார்கள்?’ என்று கேட்பதைக் கதைப்பசி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம் விமர்சகர்களிடையே வழக்கம். குடும்பக் கதை ஒன்று அந்தரத்தில் நிற்கும்போது எழுகிற அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது என்பது என் வாதம். நடந்ததற்கு இந்தக் குடும்பத்தில் யார் பொறுப்பு என்பதே அது. அதைக் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. தமிழ் நாவல் சில முக்கியமான இடங்களுக்கு வந்து சேர்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

‘பொன்னியின் செல்வ’னைக் குடும்பக் கதை என்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் சதியையும் கடற்பயணத்தையும் குதிரைக் குளம்பொலியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு பங்காளி வழக்கு. கண்டராதித்தருக்குப் பின் அரியணை அவர் மகனுக்கு வராமல் தம்பி அரிஞ்சயர் வழிக்குப் போய், சுந்தர சோழரிடம் வந்து நிற்கிறது. அது மூத்தவர் வழிக்குத் திரும்ப வேண்டுமா, இளையவர் வழியிலேயே போக வேண்டுமா? பெற்ற தாய் செம்பியன் மாதேவியே தன் மகனுக்கு அரசு வேண்டாம் என்கிறார். சிற்றரசர்களான பழுவேட்டரையர்கள் அவனை அரியணை ஏற்றியே தீருவது என்று நிற்கிறார்கள். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனோ தகப்பனிடம் போக மனமில்லாமல், நாம் கூடியிருக்கும் இந்தத் தொண்டை மண்டலத்தில், காஞ்சியிலேயே இருந்துகொள்கிறான். கடைசியில் கடம்பூர் மாளிகையில் கொலையுண்டு கிடக்கிறான். வரலாற்றில் இதற்கு உள்ள சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தோரைக் குறித்து, அவர்களின் உறவினர் நிலங்களைப் பறித்த செய்தியைச் சொல்கிறது. இடையில் கண்டராதித்தரின் மகனான உத்தம சோழன் ஆண்ட காலமெல்லாம் இந்த நடவடிக்கை ஏன் இல்லை என்று கேட்ட நீலகண்ட சாஸ்திரியார், கொலையில் உத்தம சோழனுக்கே பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. சித்தப்பன் முறையுள்ளவன் அண்ணன் மகனைக் கொல்ல உடந்தையாக இருந்தானா என்பதுதான் இரண்டு வரலாற்றாசிரியர்களுக்கும் இடையே நின்ற பிரச்சினை.

கல்கி இதற்குக் கண்ட வழி மிக நுட்பமானது. அரண்மனையில் மதுராந்தகன் என்ற பெயரில் வளர்ந்தவன் வேறு, செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை வேறு என்று ஆக்கிவிட்டார். சதிகாரர்கள் பக்கம் சாய்ந்தவன் மாறி வந்தவன். உண்மையான மகன் தஞ்சையில் பூத்தொடுத்துக் கோயில் தொண்டு செய்த சேந்தன் அமுதன். கரிகாலனின் தம்பியும் பின்னாளைய ராஜராஜனுமான அருள்மொழி விட்டுக்கொடுத்த மகுடம் அவன் தலையில் ஏறுகிறது. வரலாறு ஒருவர்மேல் வைத்த சந்தேகத்தை நாவல் இருவராகப் பிரித்துத் தீர்த்தது. ஆனால் கரிகாலனைக் கொன்ற கை எது என்பதை அவர் திறக்கவில்லை. வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது, பெரிய பழுவேட்டரையர் தாமே கொன்றதாகச் சொல்கிறார், நந்தினி அங்கே இருக்கிறாள், சதிகாரர்களும் இருக்கிறார்கள். திருமணத்தைப் பற்றிய கேள்விக்குக் கல்லே பதில் வைத்திருந்தது: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாகக் குறிக்கிறது. கொலையைப் பற்றிய கேள்விக்கு அப்படி முடிந்த முடிவான பதில் எங்கும் இல்லை. எளிய வாசகர் மனத்தில் எஞ்சியதும் பேராசிரியர் ஆராய்ந்ததும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்து அருள்மொழியைக் கடலில் விட்டுவிட்டு நின்றது. இரண்டாம் பாகத்துக்கு 2023 ஏப்ரல் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் கரிகாலன் நந்தினியின் கையில் இருந்த கத்தியைத் தானே ஏற்றுக்கொள்கிறான். நாவலைப் படித்தவர்கள் அதை ஏற்றும் மறுத்தும் வாதாடினார்கள். சாவுக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் படம் கைவைத்துவிட்டது என்பதே அந்த வாதங்களுக்குக் காரணம்.

இதற்கு எழுகிற முதல் மறுப்பு எனக்குத் தெரியும். உச்சத்தில் நிறுத்துவது பத்திரிகை விற்பனைத் தந்திரம், அதற்கு வாசகர் பதறுவது அந்தத் தந்திரம் பலித்ததற்கு அடையாளம், இதில் அறம் எங்கே வந்தது என்பார்கள். தொடர்கதை விற்பனைக்கு உதவியது என்பது உண்மைதான். 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’யில் வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொட்டே தமிழில் குடும்ப நாவல் தவணையில்தான் வளர்ந்தது. ஆனால் இரண்டு வகை நிறுத்தங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ‘தொடரும்’ என்று போட்டு நிறுத்துவது ஒரு வாக்குறுதி. திங்கள் முதல் வெள்ளி வரை ஓடிய தொலைக்காட்சித் தொடர்கள் வெள்ளி இரவு ஒரு முகத்தை அதிர்ச்சியில் உறைய வைத்துவிட்டுப் போகும். திங்கள் இரவு அந்த அதிர்ச்சி கரைந்துவிடும். அந்த இரண்டு நாள் தவிப்பு வெறும் ஆவல்தான், மறுக்கவில்லை. ‘முற்றும்’ என்று போட்ட பிறகும் முடிச்சு அவிழாமல் நிற்பது வேறு. அங்கே அடுத்த இதழ் கிடையாது. ஆசிரியர் போய்விட்டார், கதைமாந்தர்களின் நிலைமையோடு வாசகர் தனித்து விடப்படுகிறார். அப்போது அவர் கேட்பதை விற்பனைத் தந்திரத்தின் கணக்கில் எழுத முடியாது, ஏனென்றால் அந்தக் கேள்வியால் இனி எந்த இதழும் விற்கப்போவதில்லை.

இந்த இரண்டாவது வகைக்கு ஜெயகாந்தனிடம் மிகத் தெளிவான சான்று இருக்கிறது. 1966இல் ‘ஆனந்த விகடன்’ வெளியிட்ட ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதைதான், நாவல் அல்ல. ஆனால் ஒரு பெரிய குடும்ப நாவல் அதன் முடிவிலிருந்து பிறந்தது. மழையில் நனைந்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அலறுகிறாள். பிறகு மகளைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். கதை அத்தோடு நிற்கிறது. கண்டனங்கள் குவிந்தன, வேறு முடிவு வைத்து எழுதிக் காட்டியவர்களும் உண்டு. அந்த எதிர்ப்பில் பெரும்பகுதி கற்பு பற்றிய பழைய அச்சம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு நேர்மையான ஐயம் இருந்தது: எந்தத் தாய் இப்படி நடந்துகொள்வாள்? நடந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? ஜெயகாந்தன் தம் கதையை மாற்றவில்லை. அந்த ஐயத்தை எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். இந்த நாவலில் தாய் வாயை மூடவில்லை. அவள் போட்ட கூச்சல் ஊருக்குக் கேட்கிறது. அண்ணன் தங்கையை வெளியே தள்ளுகிறான். மாமன் வீட்டில் வளர்ந்து படித்து வேலைக்குப் போகும் கங்காவின் வாழ்க்கை அந்த ஓர் இரவின் கூச்சலுக்கு வட்டி கட்டியே தீர்கிறது. அதைவிட முக்கியம், ‘அக்னிப் பிரவேசம்’ என்ற கதை அந்த நாவலுக்குள்ளேயே பத்திரிகையில் வருகிறது. தான் செய்யத் தவறியதைக் கதையில் வரும் தாய் செய்திருப்பதை கங்காவின் தாய் படிக்கிறாள். ஒரு சிறுகதையின் வாசகரே அடுத்த நாவலின் பாத்திரமாகி, பொறுப்பு தன்னுடையது என்று உணர்கிற இடம் அது. தமிழ் உரைநடையில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. அதன் முடிவும் கங்காவைத் தவிப்பிலேயே விட்டது. 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வந்தது. தலைப்பே வாசகர் கேட்கும் கேள்வியாக இருக்கிறது.

கல்கியும் ஜெயகாந்தனும் வெகுஜனப் பத்திரிகைகளில் எழுதியவர்கள், அந்த வாசகர் அப்படித்தான் இருப்பார், தேர்ந்த இலக்கிய வாசகர் முடியாத முடிவை அமைதியாக ஏற்பார் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’னைப் பார்க்கட்டும். 2010இல் காலச்சுவடு வெளியிட்ட அந்த நாவல் எந்த வாரப் பத்திரிகையிலும் தொடராக வந்ததன்று. திருச்செங்கோட்டுப் பக்கம் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையில்லாமல் வாழும் காளி, பொன்னா என்ற தம்பதியின் கதை. தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெற வழக்கம் இடம்தரும் இரவு; அதற்குப் பொன்னாவை அனுப்பக் காளி சம்மதிக்கவில்லை. சம்மதித்துவிட்டான் என்று நம்பி அவள் போகிறாள். மைத்துனன் முத்து காளியை வேறு பக்கம் அழைத்துப் போய்விடுகிறான். திரும்பி வந்து வீடு பூட்டிக் கிடப்பதைக் காளி பார்க்கும் இடத்தை ஒட்டி நாவல் நின்றுவிடுகிறது. அவன் செத்தானா, இருக்கிறானா? அதைவிட, ஏமாற்றியது யார்? பெண்ணைப் பெற்றவளா, பிள்ளையைப் பெற்றவளா, நண்பனாகவும் இருந்த மைத்துனனா, பிள்ளை இல்லை என்று பன்னிரண்டு வருடம் குத்திக்காட்டிய ஊரா? ஆசிரியர் ஒரு முடிவைத் தேர்ந்துகொண்டு மற்றதை அடைக்கவில்லை. 2014இல் இரண்டு நாவல்கள் தந்தார். ‘ஆலவாயன்’ காளி இறந்துபோனதாக வைத்துக்கொண்டு வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பொன்னாவைத் தொடர்கிறது. ‘அர்த்தநாரி’யில் காளி பிழைத்துக்கொள்கிறான், மனைவியோடு பேசாமல் இருந்தே அவளையும் தன்னையும் வதைக்கிறான். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு ஒன்று விளங்கும்: அவன் செத்தாலும் பிழைத்தாலும் அந்த இரவின் பாரம் பொன்னாவின் தலையில்தான் இறங்குகிறது. ‘என்ன ஆனான்?’ என்ற கேள்விக்கு இரண்டு எதிரெதிர் விடைகள் தந்து, ‘யார் சுமக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு ஒரே விடையைத் தந்துவிட்டார் பெருமாள்முருகன். வாசகரின் கேள்வியை ஓர் எழுத்தாளர் இவ்வளவு மதித்தது நம் காலத்தின் சிறப்பு என்றே கருதுகிறேன்.

மாதொருபாகனைச் சொன்ன வாயால் அதற்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாவது மறுப்பு அங்கேதான் இருக்கிறது, அது முதலாவதைவிடக் கனமானது. வாசகருக்கு உரிமை என்று பேசத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்? 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்தப் புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தையில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டு, பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்த ஒப்புதல் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது. இங்கே வேறுபாட்டை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். கதை எங்கே நின்றதோ அங்கே நின்று கேட்கிறவர் அதைக் கடைசிவரை படித்தவர். கதைமாந்தர்களின் கதி அவரை உறுத்துகிறது. பதில் வராவிட்டாலும் அவர் கையில் புத்தகம் இருக்கும். எரித்தவர்களுக்குக் காளியும் பொன்னாவும் என்ன ஆனார்கள் என்பது பொருட்டே அல்ல. அவர்களுடைய சினம் சில பக்கங்கள்மேல், ஊர்ப் பெயர்மேல், வழக்கத்தைப் பற்றிய பேச்சுமேல். வாசகர் கேள்வி கேட்பதால் எழுத்தாளருக்கு ஆபத்து வந்ததாகச் சொல்வது, ஆபத்தை உண்டாக்கியவர்களுக்கு வாசகர் என்ற பட்டத்தை இலவசமாகக் கொடுப்பதாகும். அதை நான் கொடுக்கமாட்டேன். கேள்வி எழுத்தை வளர்க்கும்; ஆணை எழுத்தை நிறுத்தும். கேட்கிறவர் எந்த விடையையும் ஏற்கத் தயாராக இருக்கிறாரா என்பதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம்.

ஆனாலும் அன்பே ஆணையாக மாறக்கூடிய இடம் ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர் நெருக்கடி விடவில்லை. 1903இல் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அங்கே வாசகர் வென்றார், ஆனால் அந்த மரணம் பொருளற்றுப் போயிற்று. தமிழில் ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் நா. பார்த்தசாரதி ‘கல்கி’யில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ இதற்கு எதிரான வழியில் சென்றது. அரவிந்தன் செத்துப்போகிறான், பூரணி தனித்து நிற்கிறாள், ஆசிரியர் அதை மாற்றவில்லை. வாசகர்களோ தங்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். இழந்ததைத் திருப்பித் தரச் சொல்லி ஆசிரியரை நெருக்காமல், அந்தப் பொறுப்பைத் தங்கள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். குடும்பக் கதையின் வாசகர் உறவுக்காரராகவே வாசிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உறவு என்றால் உரிமையும் கடமையும் சேர்ந்தே வரும்.

கல்கிக்கே திரும்புகிறேன். முடிவுரை எழுதிய அதே 1954இல், டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்; அப்போது ‘அமரதாரா’ என்ற தொடர் பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பின் நடந்ததை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யாக எழுதினார். கேட்டவர்கள் பலர், அவர்களில் சிலர் தாங்களே எழுதினார்கள். ஆனால் கேட்டவர்களின் குரல் நமக்கு எவ்வளவு கிடைக்கிறது? தொடர்கதை புத்தகமாகும்போது வாரந்தோறும் வந்த வாசகர் கடிதங்கள் அதில் சேர்வதில்லை. ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த ஓவியங்களே பல பதிப்புகளில் இல்லை. எந்த அத்தியாயத்துக்கு யார் எப்படிக் கோபித்தார்கள் என்பது அந்தந்த வார இதழில் மட்டும்தான் இருக்கிறது.

இதைச் சொல்ல அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் மிகப் பொருத்தமான இடம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலை தேடி வந்த குடும்பங்கள் குடியேறிய ஊர்கள் இவை. கூட்டுக் குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வாரப் பத்திரிகைக் குடும்பம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைப்பது தமிழ்நாடு முழுவதும் இருந்த பழக்கம். அத்தகைய தொகுப்புகள் இங்கேயும் பல வீடுகளின் பரணில் இருக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களைக் காக்கும் பணியை 1994 முதல் செய்து வருகிறது. ஆனால் ஒரு நூலகம் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. இங்குள்ள கிளை நூலகங்களில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பைண்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடாமல் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஓரத்தில் பென்சிலால் யாராவது கோபமாக ஏதேனும் எழுதியிருந்தால் அதை அழிக்காமல் கொடுங்கள். இந்த வட்டாரக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் ஆய்வு மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியவை அந்தப் பக்கங்கள்.